ஒரு கோடி இடப்பெயர்களும் ஒரு தேடல் பெட்டியும்: போஸ்ட்கிரெஸ் தேடல் வசதிகள் குறித்த மதிப்புரை

ஓர் இணையதளத்தில் பதிவுகள் சில ஆயிரங்களாக இருக்கும்வரை, தேடல் பெட்டியையும் அதன் அருகில் அடுக்கிய ஃபில்டர்களையும் எப்படி எழுதியிருந்தாலும் அவை ஓடிவிடும். பதிவுகள் பல லட்சத்தைத் தாண்டியதும் பக்கம் திணறத் தொடங்குகிறது. அந்த நிலையில் பெரும்பாலான அலுவலகங்களில் முதலில் எழும் யோசனை, எலாஸ்டிக்சர்ச் போன்ற தனித் தேடுபொறி ஒன்றை வாங்கி நிறுவிவிடலாம் என்பதுதான். அதற்கு முன்பு, ஏற்கெனவே கையில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தேடல் வசதிகளை ஒரு தனிப் பொருளாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இந்த மதிப்புரை அதைத்தான் செய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேடுவதில் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலான தளங்களுக்குப் போதுமானது, எண்ணிச் சொல்வதில்தான் அது தோற்கிறது. பக்கம் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தேடல் அன்று, தேடலோடு சேர்த்து நாம் கேட்கும் மற்ற கேள்விகளே.

சோதிக்க ஜியோநேம்ஸ் தரவைத் தேர்ந்தெடுத்தேன். உலகின் ஊர்கள், ஆறுகள், மலைகள், கோயில்கள், ரயில் நிலையங்கள் என 1.1 கோடிக்கும் மேற்பட்ட இடங்களின் பட்டியல் அது. பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னால் போதும், எவரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். முதன்மை அட்டவணையில் 19 புலங்கள் உள்ளன: பெயர், நாடு, மாநிலம், இட வகை, மக்கள்தொகை, நேர மண்டலம் முதலியன. மாற்றுப்பெயர்கள் தனி அட்டவணையில் மொழிக் குறியீட்டோடு வருகின்றன. தமிழ்ப் பெயர்களும் அவற்றில் உண்டு. மேலே ஒரு தேடல் பெட்டி, இடப்பக்கம் நாடு, இட வகை, மக்கள்தொகை ஆகிய ஃபில்டர்கள், நடுவில் இருபது இருபதாக முடிவுகள் என்ற வழக்கமான பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் எளிதில் கிடைக்காது.

முதலில் தேடல் பெட்டி. பெயரின் நடுவில் வரும் எழுத்துகளையும் பிடிக்க வேண்டும் என்பதற்காக, இருபுறமும் சதவீதக் குறி இட்ட லைக் என்ற பொருத்தம் பார்க்கும் நிபந்தனையைத்தான் பலரும் எழுதுகிறார்கள். இண்டெக்ஸ் என்பது தேடலை விரைவாக்கத் தரவுத்தளம் தனியே வைத்துக்கொள்ளும் அகராதி போன்ற பட்டியல். அதன் சாதாரண வகையான பி-ட்ரீ, சொல்லின் தொடக்கத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டது. தொடக்கம் தெரியாத தேடலுக்கு அதனால் உதவ முடியாது. எனவே ஒரு கோடி வரிகளையும் தரவுத்தளம் படித்தாக வேண்டும். இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வரும் பி.ஜி. ட்ரிக்ராம் என்ற நீட்சி கைகொடுக்கிறது. அது ஒவ்வொரு பெயரையும் மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, ஜின் என்ற இண்டெக்ஸ் வகையில் சேமிக்கிறது. 2011-இல் வெளியான 9.1 பதிப்பிலிருந்து லைக் தேடலும் இந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறது. விநாடிக்கணக்கில் நின்ற வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) மில்லிவிநாடிகளுக்கு இறங்குவதற்கு இந்த ஒரு மாற்றமே போதும். ஆனால் இருபுறமும் திறந்த தேடலில் இரண்டே எழுத்து இருந்தால் அதிலிருந்து முழுத் துண்டு எதுவும் கிடைக்காது என்பதால் இண்டெக்ஸ் பயனற்றுப்போகிறது. மூன்று எழுத்து வரும்வரை சர்வருக்குக் கேள்வியே அனுப்பாமல் இருப்பது, அல்லது குறுகிய சொற்களுக்குத் தொடக்கத்தை மட்டும் பொருத்திப் பார்ப்பது ஆகிய இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

எழுத்துப் பிழைகளை இந்த நீட்சி எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் காஞ்சிபுரத்தை நடுவில் ஒற்றை ஐ இட்டு எழுதுவோரும் உண்டு, இரட்டை ஈ இட்டு எழுதுவோரும் உண்டு. முதல் வடிவம் 12 துண்டுகளாகவும் இரண்டாவது 13 துண்டுகளாகவும் நறுக்கப்படுகின்றன. 9 துண்டுகள் இரண்டுக்கும் பொது. மொத்தத் துண்டுகள் 16 என்பதால் ஒப்புமை 16-இல் 9, அதாவது ஏறத்தாழ 0.56. நீட்சியின் இயல்பான வரம்பு 0.3 என்பதால் ஒன்றைத் தட்டினால் மற்றொன்று தாராளமாகக் கிடைத்துவிடும். அடுத்து, டிரிச்சி என்று தட்டித் திருச்சிராப்பள்ளியைத் தேடிப் பாருங்கள். ஒன்றில் 7 துண்டுகள், மற்றொன்றில் 16. பொதுவானது சொல்லின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒரே ஒரு துண்டு. ஒப்புமை 22-இல் 1 மட்டுமே. வரம்பை எவ்வளவு தளர்த்தினாலும் இதைப் பிடிக்க முடியாது; அந்த அளவுக்குத் தளர்த்தினால் உலகில் அந்த எழுத்தில் தொடங்கும் ஊர்கள் அனைத்தும் வந்து குவியும். மெட்ராஸ் என்று தட்டுபவருக்குச் சென்னையைக் காட்டுவதும் இதே வகைச் சிக்கல்தான். இதற்குத் தீர்வு மாற்றுப்பெயர் அட்டவணை மட்டுமே. எந்தத் தேடுபொறியை வாங்கினாலும் இந்த வேலை மிச்சமாகப்போவதில்லை. தேடலின் தரத்தைப் பற்றிப் புலம்பும் தளங்கள் பலவற்றில் உண்மையில் இல்லாமல் போனது இந்த மாற்றுப்பெயர்ப் பட்டியல்தான் என்பது என் எண்ணம்.

மாற்றுப்பெயர் அட்டவணையை அப்படியே இண்டெக்ஸ் செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. மொழிக் குறியீடு இருக்க வேண்டிய புலத்தில் மொழி அல்லாத குறியீடுகளும் வருகின்றன: அஞ்சல் குறியீடு, விமான நிலையக் குறியீடு, விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்கான இணைப்பு. இணைப்புகளையும் சேர்த்து இண்டெக்ஸ் செய்தால், இண்டெக்ஸ் வீணாகப் பெருப்பதோடு, முகவரியில் வரும் எழுத்துகளைத் தட்டியவருக்குத் தொடர்பே இல்லாத ஊர்கள் வந்து சேரும். போஸ்ட்கிரெஸின் பகுதி இண்டெக்ஸ் வசதி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இணைப்பு என்ற குறியீடு கொண்ட வரிகளை விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் இண்டெக்ஸ் செய் என்று ஒரு நிபந்தனை எழுதினால் போதும். அதே நிபந்தனையை வினவலிலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் உறுப்பான பிளானர் அந்த இண்டெக்ஸைத் தொடாது.

தமிழில் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். சென்னை என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ச, எகர ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என ஆறு அலகுகள். எனவே தமிழில் மும்மூன்று துண்டு என்பது உண்மையில் ஒன்றரை எழுத்துத் துண்டு. கொம்பையும் புள்ளியையும் நீட்சி எழுத்தாகக் கருதுமா என்பது தரவுத்தளத்தை உருவாக்கியபோது தேர்ந்தெடுத்த லொகேல் என்ற மொழி, வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஷோ ட்ரிக்ராம் என்ற செயற்கூற்றிடம் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, வரும் துண்டுகளைப் பார்த்துவிடுங்கள். வெறுமையாகவோ குறிகள் உதிர்ந்தோ வந்தால், இண்டெக்ஸ் கட்டும் முன்பே லொகேலைச் சரிசெய்துவிட வேண்டும். இன்னொன்று: கொழும்பு என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே அலகாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு அலகுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடலில் ஒன்றையொன்று சந்திக்காது. 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயற்கூறு உள்ளது. சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை அதன் வழியே அனுப்பிவிட்டால் இரு வடிவங்களும் ஒன்றாகிவிடும். தமிழ்த் தரவு வைத்திருக்கும் தளங்களில், இருக்கும் பொருளையே இல்லை என்று காட்டுகிறது என்ற புகார் எழுந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

போஸ்ட்கிரெஸில் மற்றொரு தேடல் வசதியும் உண்டு. முழுஉரைத் தேடல் என்பது அதன் பெயர். ஒலெக் பார்துனோவும் தியோதோர் சிகாயெவும் உருவாக்கிய தனி நீட்சியாக இருந்து, 2008-இல் 8.3 பதிப்பில் தரவுத்தளத்தின் உள்ளுறுப்பாகவே ஆனது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பும் சேர்ந்தது. கட்டுரைகள், பொருள் விளக்கங்கள், தீர்ப்புகள் போன்ற நீண்ட உரைகளுக்கு இது மிக நல்ல கருவி. ஊர்ப்பெயர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயரின் வாலை விகுதி என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. கட்டாயம் வேண்டுமென்றால் வெட்டாமல் விட்டுவிடும் சிம்பிள் அமைப்போடு பயன்படுத்தலாம். நீண்ட உரைகளிலும் ஒரு குறை தெரிகிறது. பொருந்தும் ஆவணங்களைக் கண்டுபிடிப்பது வேகமாக நடக்கிறது. அவற்றைப் பொருத்தத்தின் அளவில் வரிசைப்படுத்துவது மெதுவாக நடக்கிறது. ஜின் இண்டெக்ஸில் சொற்களின் இட விவரம் சேமிக்கப்படுவதில்லை. அதனால் தரவரிசை கணக்கிடப் பொருந்திய ஒவ்வொரு வரியையும் அட்டவணைக்குப் போய் எடுத்து வர வேண்டியிருக்கிறது. அடிக்கடி வரும் ஒரு சொல்லைத் தேடினால் லட்சம் வரிகளை எடுத்துப் பார்த்துவிட்டு இருபதை மட்டும் காட்டும் நிலை வரும்.

தேடலில் இத்தனையும் சமாளிக்கக் கூடியவையே. ஃபில்டர்களுக்கு வரும்போது போஸ்ட்கிரெஸின் பிளானரோடு பழகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மதிப்புரைக்காக நடத்திய சோதனைகளில் மிகவும் பாடம் புகட்டியது கோயில் ஃபில்டர்தான். இட வகை கோயில் என்று தேர்ந்தெடுத்து, மக்கள்தொகை வாரியாக இறங்குவரிசையில் முதல் இருபதைக் கேட்டால், மக்கள்தொகைக்கென்று ஒரு இண்டெக்ஸ் இருக்கிறது, இருபது வரிதானே வேண்டும் என்று கருதி, பிளானர் அந்த இண்டெக்ஸின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிவரத் தொடங்கக்கூடும். கோயில்கள் பட்டியல் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கின்றன என்பது பிளானரின் அனுமானம். உண்மையில் ஜியோநேம்ஸில் மக்கள்தொகை எண் நாடு, மாநிலம், ஊர் போன்றவற்றுக்குத்தான் இருக்கும். கோயிலுக்கு அது 0. ஆகவே உலகின் எல்லா நகரங்களையும் சிற்றூர்களையும் கடந்த பிறகே முதல் கோயில் கண்ணில் படும். லிமிட் 20 என்று எழுதியது வேகப்படுத்துவதற்குப் பதிலாகப் பாதையையே தவறாக்கிவிட்டது. வினவல் உண்மையில் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், ஃபில்டரால் நீக்கப்பட்ட வரிகள் என்ற இடத்தில் வரும் பெரிய எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும். இட வகை முதலிலும் மக்கள்தொகை அடுத்தும் வருமாறு ஒரு கூட்டு இண்டெக்ஸ் கட்டியதும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கூட்டு இண்டெக்ஸில் சமக்குறி நிபந்தனை வரும் புலம் முன்னாலும், வரிசைப்படுத்தும் புலமோ வரம்பு கேட்கும் புலமோ பின்னாலும் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிக் கட்டிய இண்டெக்ஸ்களே இடத்தை அடைத்துக்கொண்டு பயனின்றிக் கிடப்பதைப் பல தரவுத்தளங்களில் காணலாம்.

பிளானரின் இன்னொரு அனுமானமும் ஃபில்டர் பக்கங்களைக் கெடுக்கிறது. நாடு இந்தியா என்பதும் நேர மண்டலம் கொல்கத்தா என்பதும் நடைமுறையில் ஒரே செய்தி. பிளானருக்கு அது தெரியாது. இரண்டும் தனித்தனி நிபந்தனைகள் என்று கருதி விகிதங்களைப் பெருக்கிவிடுகிறது. உண்மையில் வரப்போகும் வரிகளில் ஒரு சிறு பங்கே வரும் என்று கணித்து, சில வரிகளுக்கு மட்டுமே பொருந்தும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, இந்த இரு புலங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டளையால் சொல்லிவைக்க முடிகிறது. மாவட்டமும் மாநிலமும், காரின் நிறுவனமும் மாடலும், பொருளின் பிரிவும் உட்பிரிவும் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஃபில்டர்கள் இல்லாத தளம் எது? இருந்தும் இந்தக் கட்டளையைப் பயன்படுத்துவோர் குறைவு.

நிரலாளர்கள் தாங்களே வரவழைத்துக்கொள்ளும் கேடும் ஒன்று உண்டு. பத்து ஃபில்டர்களுக்கும் ஒரே வினவலை எழுதிவிட்டு, மதிப்பு வெறுமையாக இருந்தால் கண்டுகொள்ளாதே, இல்லாவிட்டால் பொருத்திப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் அல்லது போட்டு இணைப்பது பரவலான வழக்கம். எழுத வசதியாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தயார்நிலை வினவல்களை (ஒருமுறை தயாரித்துவைத்து, மதிப்புகளை மட்டும் மாற்றி ஓட்டுபவை) சில முறை ஓட்டிய பிறகு, போஸ்ட்கிரெஸ் எல்லா மதிப்புகளுக்கும் பொருந்தும் பொதுத் திட்டம் ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாம். இத்தகைய அல்லது நிபந்தனைகள் நிறைந்த பொதுத் திட்டத்தில் இண்டெக்ஸுக்கு இடமே இருக்காது. பயனர் உண்மையில் தேர்ந்தெடுத்த ஃபில்டர்களை மட்டும் வைத்து வினவலை அவ்வப்போது கட்டுவதே சரி. மதிப்புகளை மட்டும் அளபுருக்களாக அனுப்பினால் பாதுகாப்புக்கும் குறைவில்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஃப்செட் 1,00,000 என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் லட்சம் வரிகளை எடுத்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த இருபதைத் தரும். கடைசியாகக் காட்டிய வரியின் மக்கள்தொகையையும் அதன் அடையாள எண்ணையும் சேர்த்து, இந்த இணைக்குப் பின்னால் வருபவற்றைக் கொடு என்று கேட்டால் எத்தனையாவது பக்கமாக இருந்தாலும் வேகம் ஒன்றுதான். அடையாள எண் கட்டாயம் வேண்டும். ஜியோநேம்ஸில் மக்கள்தொகை 0 என்று இருக்கும் வரிகள் லட்சக்கணக்கில் இருப்பதால், அது இல்லாவிட்டால் வரிகள் விடுபட்டோ திரும்ப வந்தோ குழப்பும். ஐயாயிரமாவது பக்கத்தை மனிதர் யாரும் திறப்பதில்லை, ஆகவே கவலை வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். மனிதர்கள் திறப்பதில்லைதான், கூகுள் போன்ற இணையத் தேடுபொறிகளின் ஊர்வான்கள் (பக்கங்களைத் தாமாகவே திறந்து படிக்கும் நிரல்கள்) திறக்கின்றன. ஃபில்டர்களின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு முகவரி ஆகிவிட்ட தளத்தில், அவை இரவும் பகலும் ஆழமான பக்கங்களைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வரின் சுமையில் எவ்வளவு பங்கு உண்மையான பயனர்களால் வருகிறது என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, ஃபில்டர் முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவைப்பது எந்த இண்டெக்ஸைவிடவும் மலிவான வைத்தியம்.

இனி போஸ்ட்கிரெஸ் தோற்கும் இடத்துக்கு வருவோம். முடிவுகளின் மேலே மொத்தம் இத்தனை என்று ஒரு எண்ணும், ஒவ்வொரு ஃபில்டரின் அருகிலும் அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணும் காட்டும் வழக்கம் எல்லாத் தளங்களுக்கும் பரவிவிட்டது. இருபது முடிவுகளைக் கொடுப்பதற்கு இருபது வரிகளைப் படித்தால் போதும். மொத்தத்தைச் சொல்வதற்குப் பொருந்தும் எல்லா வரிகளையும் தொட்டாக வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒரு வரி யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக் கூடாது என்ற விவரம் அட்டவணையிலேயே இருப்பதால், இண்டெக்ஸை மட்டும் பார்த்து எண்ணிவிட எப்போதும் முடியாது. 2012-இல் வந்த 9.2 பதிப்பு இண்டெக்ஸை மட்டும் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வேக்கம் என்ற துப்புரவு வேலை அண்மையில் ஓடிய அட்டவணையில்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். பெரிய தரவை ஏற்றியவுடன் வேக்கம் ஓட்டாமல் சோதித்துவிட்டு, இது மெதுவானது என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது. முறையாக வேக்கம் ஓட்டிய பிறகும், முப்பது லட்சம் வரிகளை எண்ணுவது முப்பது லட்சம் வரிகளை எண்ணும் வேலைதான்.

ஃபில்டர் எண்கள் இதைவிடக் கடினமானவை. இந்தியா என்று தேர்ந்தெடுத்த பிறகும் நாடுகளின் பட்டியலில் இலங்கைக்கு எத்தனை, மலேசியாவுக்கு எத்தனை என்று காட்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு ஃபில்டர் குழுவையும் எண்ணும்போது அந்தக் குழுவின் நிபந்தனையை மட்டும் விலக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து குழுக்கள் இருந்தால் ஐந்து தனி எண்ணிக்கைகள், ஒவ்வொரு சொடுக்குக்கும். ஒன்றும் தேர்ந்தெடுக்காத முகப்புப் பக்கத்துக்கு முன்கூட்டியே கணக்கிட்ட மெட்டீரியலைஸ்டு வியூ போதும். பயனர் ஒரு சொல்லைத் தட்டியதும் அந்த முன்கணக்கு உதவாது. தேடுபொறிகள் இங்கே முன்னணியில் நிற்பதற்குக் காரணம் அவற்றின் உள்ளமைப்பு. மெய்லிசர்ச் என்ற தேடுபொறி ஒவ்வொரு ஃபில்டர் மதிப்புக்கும் எந்தெந்த ஆவணங்கள் பொருந்தும் என்பதை ரோரிங் பிட்மேப் என்ற சுருக்கிய வடிவில் வைத்திருக்கிறது. இரு பிட்மேப்களை வெட்டி, மிஞ்சிய பிட்டுகளை எண்ணினால் விடை. எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இருக்கும் லூசீன், ஃபில்டர் புலங்களை நெடுவரிசையாகத் தனியே அடுக்கி வைத்திருப்பதால் வரி முழுவதையும் படிக்காமல் எண்ணிவிடுகிறது. போஸ்ட்கிரெஸுக்கும் ரோரிங் பிட்மேப் நீட்சி ஒன்று இருக்கிறது. அதை நாமே நிறுவி, தரவு மாறும்போதெல்லாம் நாமே பராமரிக்க வேண்டும். அந்த அளவுக்கு இறங்கும் குழு தனித் தேடுபொறியையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தேடுபொறிகள் காட்டும் வேகத்தில் ஒரு பகுதி, முழு விடையும் தர மறுப்பதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து எலாஸ்டிக்சர்ச் இயல்பாக 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும். அதற்கு மேல் இருந்தால் 10,000 அல்லது அதற்கு மேல் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். பக்கம் புரட்டுவதும் இயல்பான அமைப்பில் 10,000-மாவது முடிவோடு முடிந்துவிடும். தரவு ஷார்டு எனப்படும் பல துண்டுகளில் பிரிந்திருந்தால் ஃபில்டர் எண்கள் தோராயமானவையாகவும் இருக்கலாம். மெய்லிசர்ச் இயல்பாக 1,000 முடிவுகளோடு நின்றுவிடுகிறது. ஒரு ஃபில்டரில் 100 மதிப்புகளுக்கு மேல் காட்டாது. மொத்த எண்ணிக்கையை மதிப்பீடு என்றே பெயரிட்டுத் தருகிறது. இவை குறைகள் அல்ல, முன்யோசனையுள்ள மறுப்புகள். அதே மறுப்பைப் போஸ்ட்கிரெஸிலும் எழுதிக்கொள்ளலாம். பொருந்தும் வரிகளை 10,001 வரை மட்டும் எடுத்து எண்ணு என்று உள்வினவலில் ஒரு வரம்பு வைத்தால், அந்த எல்லையைத் தொட்டதும் எண்ணுவது நின்றுவிடும். பக்கத்தில் 10,000-க்கும் மேல் என்று காட்டிவிடலாம். முழுத் தோராயம் போதும் என்றால் பிளானரின் கணிப்பையே எடுத்துக் காட்டலாம். 8,42,117 முடிவுகள் என்ற துல்லியத்தால் எந்தப் பயனருக்கும் ஒரு பயனும் இல்லை. அந்த எண்ணுக்காகத்தான் பல தளங்கள் தங்கள் சர்வரை உருக்கிக்கொண்டிருக்கின்றன.

பராமரிப்பில் ஜின் இண்டெக்ஸுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. புதிய பதிவுகளை உடனே தன் மரத்தில் சேர்க்காமல், ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டுவைக்கிறது. இயல்பான 4 எம்.பி. எல்லை நிறைந்ததும், அந்த நேரத்தில் எழுத வந்த ஏதோ ஒரு பாவப்பட்ட பரிவர்த்தனை (ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறும் எழுதும் வேலை) மொத்தப் பட்டியலையும் மரத்தில் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சேமிப்பது எப்போதாவது காரணமின்றி நின்றுநின்று வருகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கும். எழுதும் வேலை அதிகமுள்ள அட்டவணையில் இந்தத் தள்ளிப்போடும் முறையை அணைத்துவிடலாம், அல்லது ஆட்டோவேக்கத்தை அடிக்கடி வரச்செய்யலாம். பெரிய தரவை முதன்முறை ஏற்றும்போது காப்பி கட்டளையால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பிறகே இண்டெக்ஸ் கட்ட வேண்டும். அதற்கான நினைவக ஒதுக்கீடு இயல்பாக 64 எம்.பி. மட்டுமே என்பதால், கட்டும் நேரத்துக்கு மட்டும் அதை உயர்த்திக்கொள்ள வேண்டும். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பு, ஜின் இண்டெக்ஸைப் பல செயலிகளில் இணையாகக் கட்டுகிறது. ட்ரிக்ராம் இண்டெக்ஸை அடிக்கடி புதிதாகக் கட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிப்புக்கு மாற இது ஒன்றே போதுமான காரணம்.

உலாவிப் பக்கத்தில் செய்ய வேண்டியவை சிறியவையானாலும் விடக்கூடாதவை. விசை தட்டும்தோறும் சர்வரைக் கேட்காமல் 200 அல்லது 300 மில்லிவிநாடி பொறுத்துக் கேட்பதும், புதிய கேள்வி புறப்படும்போது பழையதை ரத்து செய்வதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்தவை. ரத்து உலாவியோடு நின்றுவிடுகிறது, தரவுத்தளத்தில் பழைய வினவல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேடல் இணைப்புகளுக்கு மட்டுமாவது ஸ்டேட்மென்ட் டைம்அவுட் என்ற நேர வரம்பை வைத்துவிட்டால் ஒரு மோசமான வினவல் மற்ற எல்லாரையும் காக்கவைக்காது. தமிழ்த் தளங்கள் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டும்போது சொல் முடிவதற்குள் பல இடைநிலை வடிவங்கள் தோன்றி மறையும். எழுத்துக்கோப்பு முடிந்தது என்ற நிகழ்வு வந்த பிறகு தேடினால்தான் பாதிச் சொல்லுக்கான முடிவுகள் திரையில் மின்னி மறைவது நிற்கும்.

போஸ்ட்கிரெஸுக்கு நான் அதிக மதிப்பெண் தருவது தரவின் ஒருமைக்காக. ஜியோநேம்ஸ் நாள்தோறும் திருத்தங்களுக்கு ஒரு கோப்பும் நீக்கங்களுக்கு ஒரு கோப்பும் வெளியிடுகிறது. போஸ்ட்கிரெஸில் இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் ஏற்றினால் அட்டவணையும் தேடலும் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. தனித் தேடுபொறி வந்ததும் தரவு இரு பிரதிகளாகிவிடும். இங்கே நீக்கிய ஊர் அங்கே சில நேரம் உயிரோடு இருக்கும், நடுவில் பாலம் அறுந்தால் பல நாளும் இருக்கும். அந்தப் பாலத்தை எழுதுவதும், அறுந்ததைக் கண்டுபிடிப்பதும், மாதம் ஒரு முறை முழுப் பட்டியலையும் மீண்டும் இண்டெக்ஸ் செய்வதும் விலைப்பட்டியலில் காட்டப்படாத செலவுகள். இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது சிறிய சுமை அன்று.

ஆகவே நூலக அட்டவணை, ஆவணக் காப்பகம், மாவட்ட வாரியான இடத்தகவல், அலுவலகத்தின் உள் தேடல் போன்றவற்றுக்கு, ஒரு கோடி வரிகள் வரை போஸ்ட்கிரெஸே போதும் என்பேன். பதிப்பு 13-க்குக் கீழே இருக்கக் கூடாது, ட்ரிக்ராம் நீட்சியை அனுமதிக்கும் சேவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரின் அருகிலும் துல்லியமான எண் இல்லாமல் வியாபாரம் நடக்காது என்று உறுதியாகத் தெரிந்த விற்பனைத் தளங்களுக்கும், தட்டத் தட்டப் பிழைகளைப் பொறுத்து முடிவுகளை மாற்றிக் காட்ட வேண்டியவர்களுக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் தேடுபொறியிடம் அடையாள எண்களையும் ஃபில்டர் எண்களையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையையும் இருப்பையும் போஸ்ட்கிரெஸிலிருந்து எடுத்துக் காட்டினால், இரு பிரதிகளும் முரண்படும் நேரத்தில்கூடப் பயனர் பழைய விலையைப் பார்க்க நேராது.